கல் எடுத்த இடத்தில் காடு: குருகிராம் பூங்கா எழுப்பும் கேள்விகள்

கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று பூங்காவாக மாறும்போது அதனை 'அதிசயம்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இரண்டு படங்கள் அடுத்தடுத்து வெளியிடப்படுகின்றன. ஒன்றில் வெடிவைத்துப் பிளந்த பாறை, புழுதி, சீமைக்கருவேலம். மற்றொன்றில் மரநிழல், நடைபாதை, பறவை பார்க்கும் குழந்தைகள். படங்கள் பொய்யல்ல. ஆயினும் இரண்டு படங்களுக்கும் இடையே நடந்தது என்ன, அதனைச் செய்தவர்கள் யார், அந்தப் படங்களைக் காட்டி இன்று யார் என்ன கேட்கிறார்கள் என்பவை படங்களில் தெரிவதில்லை. தில்லி எல்லையை ஒட்டிக் குருகிராமில் ஏறத்தாழ 390 ஏக்கர் பரப்பில் விரிந்திருக்கும் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா இக்கேள்விகளைக் கேட்பதற்கு உகந்த இடம். அங்கு ஒரு முழு நாள் நடப்பவருக்கு விடைகளில் சில கண்ணெதிரே கிடைக்கும். சிலவற்றை நீதிமன்றத் தீர்ப்புகளிலும் அரசு அறிவிக்கைகளிலும் தேட வேண்டியிருக்கும்.

குரு துரோணாச்சார்யா மெட்ரோ நிலையத்திலிருந்து பூங்கா தொலைவில் இல்லை. மெஹ்ரௌலி–குர்கான் சாலையின் இரைச்சலைக் கடந்து உள்ளே செல்பவர் முதலில் உணர்வது ஒலியின் மாற்றத்தை. வாகனங்களின் ஒலி உடனே மறைவதில்லை. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும் பாதையில் அது மெல்லத் தேய்கிறது. அந்த ஏற்ற இறக்கங்களில் பல இயற்கையானவை அல்ல. கல்லை எடுத்ததால் பள்ளமானவை சில; கழிவைக் கொட்டியதால் மேடானவை வேறு சில. செங்குத்தாக வெட்டப்பட்ட பாறை முகங்கள் ஆங்காங்கே நிற்கின்றன. தில்லிப் பகுதி ஆரவல்லியின் இந்தக் குவார்ட்சைட் பாறை எளிதில் கரைந்துபோவதன்று. அதனால் வெட்டு விழுந்த முகம் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் வெட்டாகவே தெரிகிறது. நெருங்கிப் பார்த்தால் விரிசல்களில் புல்லும், புல்லைத் தொடர்ந்து வேர் பிடித்த சிறு செடிகளும் இருக்கின்றன.

மழைக்காலம் முடிந்த ஒரு காலைப்பொழுதில் செல்பவர் பூங்காவை அதன் மிகச் சிறந்த நிலையில் காண்பார். புரசின் அகன்ற இலைகள் பசுமையாக விரிந்திருக்கும். வெட்பாலையின் இரட்டைக் காய்கள் தொங்கும். நீர் தேங்கும் தாழ்விடங்களில் வடநாட்டார் 'கைம்' என்று வழங்கும் நீர்க்கடம்பு நிற்கிறது. வெள்வேல், இலந்தை, கொன்றை, நறும்பிசின் கசியும் சாலை மரம் என்று வரிசை நீள்கிறது. தமிழ்நாட்டின் வறண்ட காடுகளை அறிந்தவருக்கு இவற்றில் பல பழகிய முகங்கள், பெயர்தான் வேறு. நீல்காய், நரி, முள்ளம்பன்றி ஆகியவை இங்கு உண்டு. மயிலின் குரலுக்குப் பஞ்சமில்லை. நண்பகலில் வெயில் பாறையில் பட்டுத் திரும்பும்போதுதான் இந்தக் காட்டின் இயல்பு விளங்கும். இது குளிர்ந்த சோலையன்று. இலை சிறுத்து, முள் மிகுத்து, நீரைச் சிக்கனமாகச் செலவழிக்கப் பழகிய மரங்களின் காடு.

இந்தக் காட்டின் நாயகமாகத் 'தௌ' மரத்தைச் சொல்ல வேண்டும். தமிழக மலைகளில் வளரும் வெக்காலி மரத்தின் நெருங்கிய உறவு அது. சிறிய இலைகள் குளிர்காலத்தில் செம்பு நிறம் கொள்ளும். ஆடுமாடுகள் ஓயாமல் மேய்ந்தால் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். மேய்ச்சல் நின்றதும் நிமிரும். பாறையின் பிளவில் வேரை இறக்கி, வேரிலிருந்தே புதுத் தளிர் எழுப்பிக் கூட்டமாக வாழும். ஆனால் அதன் விதைகளில் முளைக்கும் திறனுள்ளவை மிகச் சொற்பம். விதைக்கடையில் வாங்கிப் பதியனிட்டு ஓராண்டில் காட்டிவிடக்கூடிய மரமன்று.

பூங்காவின் வரலாறு தொடங்குவது இந்த இடத்தில்தான். பல பத்தாண்டுகள் கல்லும் ஜல்லியும் எடுக்கப்பட்ட இந்நிலத்தில், 2010-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் நாளன்று, மாநகராட்சியும் 'அயாம்குர்கான்' என்னும் குடிமக்கள் அமைப்பும் இணைந்து பணியைத் தொடங்கின. சூழலியலாளர் விஜய் தஸ்மானாவின் வழிகாட்டலில் எடுக்கப்பட்ட முடிவு வழக்கமான பூங்காத் திட்டங்களிலிருந்து வேறுபட்டது. புல்வெளி, பூவரிசை, நீரூற்று ஆகியவற்றுக்கு மாறாக, இந்த நிலத்தில் முன்பு இருந்திருக்கக்கூடிய காட்டை மீண்டும் எழுப்புவது என்பதே அம்முடிவு. சந்தையில் அத்தகைய நாற்றுகள் கிடைக்கவில்லை. எனவே ஆரவல்லியின் எஞ்சிய காடுகளுக்குச் சென்று விதை சேகரிக்க வேண்டியிருந்தது. சொந்தமாக நாற்றங்கால் அமைக்க வேண்டியிருந்தது. எந்த விதையை எப்படி முளைக்க வைப்பது என்பதைச் செய்து பார்த்தே கற்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே நிலத்தை நிறைத்திருந்த சீமைக்கருவேலத்தை அகற்ற வேண்டியிருந்தது. ஊழியர்களும், பள்ளி மாணவர்களும், விடுமுறை நாள்களில் வந்து குழி தோண்டிய அலுவலகப் பணியாளர்களும் சேர்ந்து செய்த வேலை இது. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 2 அன்று, காப்புக்காடு என்னும் சட்டத் தகுதி இல்லாமலே பல்லுயிரைக் காக்கும் இடங்களுக்கான பன்னாட்டு வகைப்பாட்டில், இந்தியாவிலிருந்து சேர்க்கப்பட்ட முதல் இடமாக இப்பூங்கா அறிவிக்கப்பட்டது.

சீமைக்கருவேலம் என்னும் பெயரிடம் சற்று நிற்கலாம். தில்லியில் அதற்கு 'விலாயதி கீக்கர்' என்று பெயர். 'விலாயதி' என்பது அயல்நாட்டைக் குறிக்கும் சொல், 'கீக்கர்' கருவேலம். தமிழின் 'சீமை' செய்யும் வேலையை அங்கே 'விலாயதி' செய்கிறது. ஒன்றோடொன்று உறவில்லாத இரு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்த மக்கள் ஒரே மரத்தைக் கண்டு ஒரே முறையில் பெயரிட்டிருக்கிறார்கள். மார்வாரில் அதன் பெயர் 'பாவ்ளியா'. கட்ச் பகுதியில் 'காண்டோ பாவள்'. இரண்டும் பித்துப் பிடித்தது என்னும் பொருளைத் தருபவை. அரசு ஆவணங்கள் பசுமைப் பரப்பு என்று கணக்கிட்ட ஒன்றை, அதனோடு வாழ்ந்தவர்கள் அயலான் என்றும் பித்தன் என்றும் அழைத்தார்கள். நிலத்தைப் பற்றிய அறிவு முதலில் பெயரில் பதிகிறது. அறிக்கைகளுக்கு அது மிகத் தாமதமாகவே வந்து சேர்கிறது.

குவாரியைக் குறிக்கும் சொற்களுக்கும் இது பொருந்தும். ஆங்கிலத்திலிருந்து வந்த 'குவாரி' என்பதன் இலத்தீன் மூலம், கல்லைச் சதுரமாக்கும் இடம் என்பதைக் குறிக்கிறது. அச்சொல்லின் பார்வை கல்லின் மேல், அதாவது வெளியே எடுத்துச் செல்லப்படும் பொருளின் மேல் இருக்கிறது. இந்தியின் 'கதான்' தோண்டுதலைச் சொல்கிறது. கொங்கு நாட்டார் சொல்லும் 'பாறைக்குழி' எடுத்துப்போன பின் எஞ்சுவதைச் சொல்கிறது. தில்லிக் கட்டுமானத் தொழிலில் இன்னொரு சொல் உண்டு: 'பதர்பூர்'. தில்லியின் தென் எல்லையில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. அப்பக்கத்து மலைகளிலிருந்து வந்த பருமணலுக்கும் அதுவே பெயராயிற்று. ஒரு வண்டி பதர்பூர், இரண்டு வண்டி பதர்பூர் என்று கணக்கிட்டே ஒரு தலைநகரம் கட்டப்பட்டது. மலை நகரத்துக்குள் சென்று சுவராயிற்று. வந்த வழியின் தடயம் மணலின் பெயரில் மட்டும் தங்கியது.

இனி முதல் கேள்விக்கு வரலாம். குவாரியைக் காடாக்க முடியும் என்று இந்தப் பூங்கா மெய்ப்பித்துவிட்டதா? ஓரளவுக்கு ஆம் என்பதே நேர்மையான விடை. ஆனால் அதனை எந்த மூலதனத்தைக் கொண்டு மெய்ப்பித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பூங்காவின் மரங்களுக்குப் பின்னால் மற்றொரு காடு இருக்கிறது. குருகிராம்–ஃபரீதாபாத் சாலைக்கு அப்பால் உள்ள மாங்கர் பனி என்னும் கோயிற்காடு அது. இங்கே 'பனி' என்பது குளிரைக் குறிப்பதன்று. 'வனம்' என்பதோடு உறவுடைய, சிறு காட்டைக் குறிக்கும் வடநாட்டுச் சொல். குதரியா தாஸ் பாபா என்னும் துறவியின் பெயரால் சுற்றுவட்டாரக் குஜ்ஜர் ஊர்கள் அதனைக் காத்துவந்தன. அங்கே ஒரு கிளையை ஒடித்தாலும் தீங்கு வரும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் பயனாகத் தௌ மரக்காடு அங்கே முழு வடிவில் எஞ்சியது. தில்லிப் பகுதியின் ஆரவல்லிக் காடு எப்படி இருந்திருக்கும் என்பதை அறிய விரும்பியவர்களுக்கு மாங்கரே பாடநூல்; விதை கேட்டவர்களுக்கு அதுவே களஞ்சியங்களில் ஒன்று. மூலப்படி ஒன்று எங்கோ அழியாமல் இருந்ததால்தான் இங்கே படியெடுக்க முடிந்தது. மூலப்படியும் அழிந்திருந்தால் எந்த மரத்தை எங்கே, எதன் அருகே நடுவது என்று சொல்வதற்கு ஆளிருந்திருக்காது.

எனவே பூங்கா கற்பிக்கும் பாடம், 'வெட்டினாலும் மீட்டுவிடலாம்' என்பதன்று. வெட்டாமல் விட்ட ஓர் இடம் அருகில் இருந்தால்தான் வெட்டிய இடத்தைப் பற்றிச் சிந்திக்கவாவது முடியும் என்பதே. இவ்விரண்டு பாடங்களுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. ஆனால் கொள்கை வகுப்போர் பெரும்பாலும் முதலாவதையே எடுத்துக்கொள்கிறார்கள். கிரேட் நிக்கோபார் தீவில் 130 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மழைக்காடு திட்டங்களுக்காக ஒதுக்கப்பட்டபோது, அதற்கு ஈடாக மரம் வளர்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களில் ஹரியாணாவின் ஆரவல்லியும் ஒன்று. இரண்டுக்கும் இடையே 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. ஒன்று ஆண்டு முழுதும் ஈரம் காயாத தீவுக் காடு. மற்றது மழைக்குப் பின் சில மாதங்களே பசுமை காட்டும் பாறைக்காடு. இவற்றை ஒன்றுக்கு ஒன்று ஈடு என்று எழுதக்கூடிய பேரேட்டில், 'காடு' என்னும் சொல் பொருளிழந்து வெறும் பரப்பளவாகிவிடுகிறது.

மேலும், மரம் மீளும் வேகத்தில் பாறை மீள்வதில்லை. ஆரவல்லி உலகின் மிகப் பழைய மடிப்பு மலைகளில் ஒன்று. அதன் விரிசல்களே மழைநீரை நிலத்தடிக்குக் கொண்டுசெல்லும் வாய்க்கால்கள். ஃபரீதாபாத்தின் பட்கல் ஏரி ஒரு காலத்தில் தில்லி மக்கள் படகு விடச் சென்ற இடம். சுற்றிலும் குவாரிகள் பெருகி நீர்வரத்துப் பாதைகள் சிதைந்து, நிலத்தடி நீரும் தாழ்ந்ததில் அது வறண்டது. அதே வட்டாரத்தில் குவாரிக் குழிகள் நிலத்தடி நீர்மட்டத்தையும் துளைத்துச் சென்றதால் நீல ஏரிகளாயின. பார்ப்பதற்கு அழகானவை, செங்குத்தான ஆழம் தெரியாமல் இறங்கிய இளைஞர்கள் பலரைப் பலிகொண்டவை. ஏரி இருந்த இடத்தில் ஏரி இல்லை. ஏரி இருக்கக் கூடாத இடத்தில் ஏரி. இதனை எந்த நாற்றங்காலும் சரிசெய்துவிட முடியாது.

இரண்டாவது கேள்வி சொற்களைப் பற்றியது. இந்தப் பூங்கா சட்டத்தின் கண்ணில் என்ன? காடா, மலையா, பூங்காவா, தரிசா? விளையாட்டாகக் கேட்கும் கேள்வியன்று. நிலத்தின் உயிர் அதில்தான் தொங்குகிறது. 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று உச்சநீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் ஓர் ஆணை பிறப்பித்தது. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகள் அழிவதைக் கண்டு பொறாமல் நிலம்பூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் தொடுத்த வழக்கு அது. 'காடு' என்னும் சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும். அரசு காடென்று அறிவித்ததா, நிலம் யாருக்குச் சொந்தம் என்பவை பொருட்டல்ல என்பது அவ்வாணையின் சாரம். இந்தியச் சூழலியல் வரலாற்றில் ஓர் அகராதி இவ்வளவு பெரிய பணியைச் செய்ததில்லை. கூடலூரில் பிறந்த வழக்கு ஆரவல்லியின் பதிவேறாத காடுகளுக்கும் குடை பிடித்தது. 2023-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அந்தக் குடையைச் சுருக்க முயன்றபோது, அகராதிப் பொருளையே தொடர்ந்து பின்பற்றுமாறு 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டது.

அகராதியை மாற்ற முடியாதவர்கள் அளவுகோலை மாற்றலாம். 2025 ஆகஸ்டில் ஹரியாணா அரசு 'அகராதிப்படியான காடு' எது என்பதற்கு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தனித்து நிற்கும் நிலமாயின் குறைந்தது 5 ஹெக்டேர். அறிவிக்கப்பட்ட காட்டை ஒட்டியதாயின் 2 ஹெக்டேர். எப்படியாயினும் மரக்கவிகை 40 விழுக்காடு இருக்க வேண்டும். ஆண்டுக்குச் சில மாதங்கள் மட்டுமே மழை காணும் முட்காட்டிற்கு 40 விழுக்காடு கவிகை என்பது, ஒட்டகத்தை யானையின் எடைக்கு நிறுத்துப் பார்ப்பது போன்றது. தௌவும் வெள்வேலும் இலந்தையும் இடைவெளி விட்டே நிற்கும். அந்த இடைவெளியில்தான் புல்லும் புல்லை நம்பிய உயிர்களும் வாழும். இடைவெளி அந்தக் காட்டின் குறையன்று, அதன் இலக்கணம்.

காட்டுக்கு நேர்ந்தது மலைக்கும் நேர்ந்தது. 2025 நவம்பரில், ஒன்றிய அரசின் குழு அளித்த வரையறையை உச்சநீதிமன்றம் ஏற்றது. சுற்றுவட்டார நிலமட்டத்திலிருந்து 100 மீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்திருப்பதே ஆரவல்லிக் குன்று. அத்தகைய குன்றுகள் 500 மீட்டருக்குள் அடுத்தடுத்து இருந்தால் அது தொடர். இந்த வரையறையால் பெரும்பாலான குன்றுகள் பாதுகாப்பை இழக்கும் என்று சூழலியலாளர்கள் எச்சரித்தனர். 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி பாதுகாக்கப்பட்டே இருக்கும் என்று அரசு கூறியது. ராஜஸ்தான், ஹரியாணா, தில்லி எங்கும் மக்கள் தெருவுக்கு வந்தனர். டிசம்பர் 29 அன்று நீதிமன்றம் தன் ஆணையைத் தானே நிறுத்திவைத்து, மீண்டும் ஆராயப் பணித்தது.

யார் கணக்குச் சரி என்பதை ஆராய்ந்து முடிக்கும் முன்னரே ஒன்றைச் சொல்லிவிடலாம். குருகிராம் பூங்காவின் பாறைகளில் ஏறி நிற்பவர் 100 மீட்டர் உயரத்தில் நிற்பதில்லை. தில்லியின் 'ரிட்ஜ்' என்னும் மேட்டுத்தொடரே ஆரவல்லியின் தேய்ந்த வால்தான்; அதன் அருமை உயரத்தில் இல்லை, பாலையின் புழுதிக்கும் நகரத்துக்கும் நடுவே கிடப்பதில் இருக்கிறது. முதுமையால் தேய்ந்த மலையை அதன் உயரம் குறைவென்று சொல்லித் தள்ளுவது, மூத்தவரை அவர் கூனிவிட்டார் என்பதற்காகக் குடும்ப அட்டையிலிருந்து நீக்குவதற்கு ஒப்பாகும். அதைவிடவும் கொடிய முரண் ஒன்று உண்டு. குவாரி தோண்டத் தோண்ட மலை குட்டையாகிறது. உயரமே வரையறையானால், சட்டத்தை மீறித் தோண்டியவர் தோண்டத் தகுந்த நிலத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். ராஜஸ்தானில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 128 குன்றுகளில் 31 காணாமற்போனதை 2018-இல் உச்சநீதிமன்றமே வியப்போடு கேட்டது. அந்த 31 குன்றுகளும் இன்று எந்த வரையறைக்குள்ளும் வாரா.

மூன்றாவது கேள்வி மனிதர்களைப் பற்றியது. பூங்காக்களைப் பற்றிய பேச்சில் மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் அதுவே. குவாரி என்பது இயந்திரங்களின் இடம் என்று நினைப்பவர்கள் இந்த மலைகளின் நீதிமன்ற வரலாற்றைப் படிக்கலாம். 1982-ஆம் ஆண்டு, கொத்தடிமை ஒழிப்புக்காக இயங்கிய பந்துவா முக்தி மோர்ச்சா என்னும் அமைப்பு, ஃபரீதாபாத் மாவட்டத்துக் கல்குவாரிகளில் பிற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருப்பதை உச்சநீதிமன்றத்துக்குக் கடிதமாக எழுதியது. அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1983 டிசம்பர் 16 அன்று வந்த தீர்ப்பு, மாண்போடு வாழ்வது உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உரைத்தது. குறைந்தபட்சக் கூலி, தூய குடிநீர், புழுதியைக் கட்டுப்படுத்தல், மருத்துவ வசதி முதலியவற்றுக்கு வழிகாட்டுதல்களை வகுத்தது. இந்தியாவில் பொதுநல வழக்கு என்னும் முறை வேரூன்றியதில் இந்தத் தீர்ப்புக்குப் பெரும் பங்குண்டு. சட்டக் கல்லூரிகளில் அது பாடம். ஆனால் அந்தத் தீர்ப்பு பிறந்த மலைகளில் ஞாயிற்றுக்கிழமை நடைக்கு வருபவர்களில் எத்தனை பேர் அதனைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

புழுதிக்கும் ஒரு வரலாறு உண்டு. தில்லியின் லால் குவான் பகுதியில் கிரஷர்கள் இயங்கின. 1992-இல் நீதிமன்றம் தில்லியின் கிரஷர்களை மூடச் செய்து, ஹரியாணாவின் பாலி என்னும் ஊரில் புதிய மண்டலம் அமைக்கச் சொன்னது. தலைநகரின் காற்றுக்கு நன்மை விளைந்தது. புழுதியோ எல்லை தாண்டிச் சென்று அடுத்த ஊரின் நெஞ்சுக்குள் இறங்கியது. லால் குவானில் வேலை பார்த்தவர்கள், கிரஷர் போன பிறகும், சிலிகோசிஸ் என்னும் கல்தூசி நுரையீரல் நோயோடு வாழ்ந்தார்கள், மடிந்தார்கள். காசநோய் என்று தவறாகக் கருதி, பயனற்ற மருந்தை ஆண்டுக்கணக்கில் உண்டவர்கள் பலர். அந்நோய்க்கு முழுத் தீர்வு இல்லை. ராஜஸ்தான் அரசு 2019-இல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்ததே, நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்குச் சான்று. பாறை முகத்தில் புல் முளைத்துவிட்டது. பாறையைப் பொடித்தவரின் நுரையீரலில் படிந்த தூசி அப்படியே இருக்கிறது.

கல்தொழிலாளர் இரக்கத்துக்கு உரியவர்கள் மட்டுமே என்று நினைப்பதும் பிழை. ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டை அடிவாரத்தில் உள்ள ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா இதற்கு நல்ல விடை. ஏறத்தாழ 70 ஹெக்டேர் பரப்பில், எரிமலைப் பாறையும் மணற்கல்லும் சேர்ந்த அந்நிலத்தில், 2006 முதல் பிரதீப் கிருஷன் தலைமையில் பணி நடந்தது. அங்கும் முதற்பகை சீமைக்கருவேலமே. பாறைக்குள் ஆழ இறங்கிய அதன் வேரை வெட்டினால் மீண்டும் தளிர்த்தது, நஞ்சிட்டும் பயனில்லை. கடைசியில் கைகொடுத்தவர்கள் 'கண்ட்வாலியா' என்று அழைக்கப்பட்ட ஜோத்பூர் மணற்கல் குவாரித் தொழிலாளர்கள். சுத்தியால் பாறையைத் தட்டி, எழும் ஒலியைக் கொண்டே உள்ளே பாறை எப்படி அமைந்திருக்கிறது, எங்கே விரிசல், எங்கே உளி வைத்தால் பிளக்கும் என்று அவர்கள் சொன்னார்கள். அவர்கள் தோண்டிய குழிகளிலிருந்தே வேர்கள் வெளிவந்தன. அக்குழிகளிலேயே பாலை மரங்கள் நடப்பட்டன. குவாரி கற்றுத்தந்த செவிதான் பாறைக்குக் காட்டைத் திருப்பித் தந்தது.

அந்தச் செவிக்கு ஒரு மொழி உண்டு. பாறையின் ஒலிகளுக்கும், இழைகளுக்கும், பிளக்கும் திசைகளுக்கும் கல்தொழிலாளர் பேச்சில் தனித்தனிச் சொற்கள் வாழ்கின்றன. அச்சொற்கள் நிலவியல் நூல்களில் இல்லை; அகராதிகளிலும் பெரும்பாலும் இல்லை. இயந்திரங்கள் வந்து குவாரி வேலை மாறும்போதும், குவாரி மூடப்பட்டுத் தொழிலாளர் சிதறும்போதும், சொற்களும் சொல்லாமல் போய்விடுகின்றன. மரங்களுக்குத் தாவரவியல் பெயரெழுதிப் பலகை வைக்கும் நாட்டில், கல்லுடைத்தவர்களின் சொல்லுக்கு ஒரு பலகை வைக்கும் வழக்கம் இன்னும் பிறக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். நகரத்தார் மூச்சுவிட வரும் இடத்தில் கொத்தடிமையையும் நுரையீரல் நோயையும் எதற்காக நினைவூட்ட வேண்டும்? மரம் நட்டவர்கள் நல்லது செய்தார்கள். அதனை ஏன் குற்றப் பத்திரிகையாக மாற்ற வேண்டும்? இந்த மறுப்பில் நியாயம் இல்லாமலில்லை. பூங்காவை எழுப்பியவர்கள் குவாரி நடத்தியவர்கள் அல்லர். பூங்காவின் ஊடே நெடுஞ்சாலை அமைக்கும் திட்டம் வந்தபோது அதனை எதிர்த்துக் கையெழுத்துத் திரட்டியவர்களும் இங்கு நடந்து பழகிய குடிமக்களே. நடந்து பழகாதவருக்கு அந்த இடம் வரைபடத்தில் ஒரு வெற்றிடமாகத்தான் தெரிந்திருக்கும். ஆகவே பொழுதுபோக்கு நடை என்பதை இழிவாகப் பேசுவதற்கில்லை. நிலத்தின் மேல் பற்று பெரும்பாலும் காலில் தொடங்குவதுதான்.

ஆயினும் நினைவு இல்லாத பற்று எளிதில் ஏமாறும். குவாரி இருந்ததை மறந்துவிட்ட பூங்கா, அடுத்த குவாரிக்கு நற்சான்றிதழாகப் பயன்படும். 'அங்கே பாருங்கள், எவ்வளவு பசுமை. இங்கும் கல் எடுத்து முடித்த பிறகு அப்படிச் செய்துவிடுவோம்' என்று சொல்வது எவருக்கும் எளிது. ஆனால் இங்கே கல் எடுப்பு நின்றது, எடுத்தவர் மனம் மாறியதால் அன்று. பல ஆண்டு வழக்குகளின் விளைவாக, 2009 மே மாதம் ஃபரீதாபாத், குர்கான், மேவாத் பகுதிகளின் ஆரவல்லியில் கல் எடுப்பை உச்சநீதிமன்றம் முற்றாக நிறுத்திவைத்தது. தடை முதலில் வந்தது; காடு பிறகு வந்தது. இந்த வரிசையைத் தலைகீழாக்கும் எந்தத் திட்டமும் இந்தப் பூங்காவைத் தனக்கு முன்னுதாரணமாகக் காட்ட உரிமையற்றது.

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. விதை தந்த மாங்கர் போன்ற மூலக்காடுகளுக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத சட்டப் பாதுகாப்பு முதலில் வேண்டும். மீட்பு என்ற பேச்சு அதன் பின்னரே பொருள் பெறும். காட்டுக்கும் மலைக்கும் வரையறை எழுதுவோர், ஒரே கவிகை அளவையும் ஒரே உயர அளவையும் நாடு முழுமைக்கும் மாநிலம் முழுமைக்கும் நீட்டாமல், அந்தந்த நிலத்தின் இயல்பைக் கேட்டு எழுத வேண்டும். குவாரியிலிருந்து உருவாகும் ஒவ்வொரு பூங்காவும் ஒரு வெட்டு முகத்தையாவது மூடாமல் விட்டு, அங்கே எவ்வளவு காலம் கல் எடுக்கப்பட்டது, எங்கிருந்து வந்தவர்கள் எடுத்தார்கள், அது எப்படி நின்றது என்பதைப் பார்வையாளர் மொழியிலும் தொழிலாளர் மொழியிலும் எழுதி வைக்க வேண்டும். அந்தத் தொழிலாளர்களின் சொற்களைப் பதிவு செய்யப் பல்கலைக்கழகங்கள் இனியும் காலம் தாழ்த்தக் கூடாது. சொன்னவர்களுக்கு வயதாகிவிட்டது, பலருக்கு மூச்சும் குறைந்துவிட்டது.

மாலையில் வெயில் சாயும்போது குருகிராம் பூங்காவின் மேட்டிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு காட்சிகள் ஒருங்கே தெரியும். கீழே, பதினைந்து ஆண்டு வயதுள்ள காடு. அதற்கு அப்பால், கண்ணாடியும் கான்கிரீட்டுமாக எழுந்து நிற்கும் நகரம். அந்தக் கட்டடங்களின் ஜல்லியும் மணலும் ஏதோ ஒரு மலையிலிருந்தே வந்தன. இந்த மலையில் நிறுத்தப்பட்ட பின் வேறொரு மலையிலிருந்து வருகின்றன. அந்த மலையின் பெயர் இங்கு நடப்பவர் எவருக்கும் தெரியாது. அதனைத் தெரிந்துகொள்வதிலிருந்துதான் அடுத்த வழக்கும், அடுத்த தடையும், ஒருவேளை அடுத்த பூங்காவும் தொடங்க வேண்டும்.